பைன் கோனை வச்சு குட்டிப் பசங்களோட இயற்கை அறிவியல்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

வாராவாரம் எங்க ஏரியா பசங்களோட உக்காந்து இலை, விதை, பூச்சி, கல்லுன்னு எதையாவது வச்சு பாக்குறது வழக்கம், எல்லாம் 3-லேர்ந்து 8 வயசுக்குள்ள இருக்கிற வாண்டுங்க. பைன் கோன் எடுத்துட்டு போற வாரம் மட்டும் அம்மா அப்பாங்க கிட்டேர்ந்தும் நர்சரி டீச்சருங்க கிட்டேர்ந்தும் வாட்ஸ்அப்ல ஒரே மாதிரி கேள்விங்க வந்துட்டே இருக்கும். அதையெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே போட்டு பதில் எழுதியிருக்கேன். வரிசையா படிச்சுட்டு வாங்க, மேல சொன்னதை கீழ திரும்ப சொல்லல.

பைன் கோன்னா என்னங்க? அது பழமா, பூவா, விதையா?

மூணும் இல்ல. பைன் மரத்துக்கு பூவும் கிடையாது பழமும் கிடையாது. விதையை ஒரு பழத்துக்குள்ள பொத்தி வைக்காம செதில் மேல சும்மா உக்கார வச்சு வளர்க்குற மர வகை இது, ஸ்கூல் புக்குல ஜிம்னோஸ்பெர்ம்னு படிச்சிருப்பீங்க. அந்த செதிலெல்லாம் ஒரு தண்டை சுத்தி அடுக்கி வந்தா அதுதான் கோன். நாம கையில எடுக்குறது பெண் கோன். ஆண் கோன் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், கொத்துக்கொத்தா வந்து மஞ்சப் பொடியா மகரந்தத்தை காத்துல விட்டுட்டு உதிர்ந்துடும், அதனால யார் கண்ணுலயும் படாது.

மகரந்தம் வந்து ஒட்டுனதுலேர்ந்து விதை முத்துற வரைக்கும் பெரும்பாலான பைனுக்கு ரெண்டு வருஷம் ஆகும். மாங்கா மூணு நாலு மாசத்துல காய்ச்சு பழுக்குறதை பாத்து வளர்ற பசங்களுக்கு இந்த ஒரு விஷயமே பெரிய ஆச்சரியம்.

நாங்க மதுரை. கொடைக்கானல் போறப்ப பொறுக்கிட்டு வரலாமா?

ரிசர்வ் ஃபாரஸ்ட்ல கீழ விழுந்து கிடக்குறதா இருந்தாலும் எடுக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, 1882-லேர்ந்து இருக்கிற தமிழ்நாடு வனச் சட்டம் அது. பசங்க முன்னாடி அதை மீறாதீங்க ப்ளீஸ். அங்கயே உக்காந்து தொட்டு பாத்து எண்ணி படம் வரைஞ்சுட்டு அங்கயே வச்சுட்டு வாங்க, அதுவே நல்ல பாடம்தான்.

வீட்டுக்கு வேணும்னா கொடைக்கானல், ஊட்டி கடைகள்ல விக்குறாங்க, கிராஃப்ட் சாமான் கடையிலயும் ஆன்லைன்லயும் கிடைக்குது. தெரிஞ்சவங்க தோட்டத்துல, எஸ்டேட்ல மரம் இருந்தா கேட்டு வாங்கிக்கலாம். வாங்குறப்ப பெயிண்ட், வார்னிஷ் எதுவும் அடிக்காததா பாத்து வாங்குங்க, ஏன்னு கீழ சொல்றேன். ஒரு குழந்தைக்கு ஒண்ணு ரெண்டு போதும், கூடை நிறைய தேவையே இல்ல.

எங்க ஊர் பீச்சுல இருக்கிற சவுக்கு மரத்துக் காயும் பைன் கோன்தானே? குட்டியா அதே மாதிரிதான் இருக்கு

பாக்க அப்படித்தான் இருக்கும், ஆனா சவுக்கு பைன் இல்ல. சவுக்கு பூக்குற மரம், அந்த குட்டி உருண்டை நிறைய பூக்கள் சேர்ந்து காய்ச்ச காய்த்தொகுதி. காஞ்சதும் சின்னச் சின்னதா வாய் திறந்து இறக்கை வச்ச விதை வெளிய வரும். வேலை ஒண்ணுதான், விதையை காத்துல அனுப்புறது, ஆனா ரெண்டும் வேற வேற குடும்பத்துலேர்ந்து தனித்தனியா அந்த வழிக்கு வந்து சேர்ந்தது.

இதை பசங்களுக்கு காட்ட ரொம்ப நல்ல வழி ஒண்ணு இருக்கு. சவுக்கோட 'ஊசி'யை எடுத்து ரெண்டு பக்கமும் மெதுவா இழுங்க, டக்குன்னு கணு கணுவா கழண்டு வரும். கழண்ட இடத்தை லென்ஸ் வச்சு பாத்தா சுத்தி குட்டிக் குட்டி பல்லு மாதிரி தெரியும், அந்த பல்லுங்கதான் சவுக்கோட நிஜ இலை, நாம ஊசின்னு நினைக்குறது மெல்லிசான கிளை. பைன் ஊசி அப்படி கழலாது, அது முழுசா இலைதான், அதுவும் ரெண்டு, மூணு, அஞ்சுன்னு கட்டா வரும். மூணு ஊசிக் கட்டை விரலால சேர்த்து பிடிச்சா மூணும் பொருந்தி ஒரே உருண்டை குச்சியா ஆயிடும். இதை பாத்த பசங்க விடவே மாட்டாங்க, கீழ கிடக்குற எல்லா ஊசியையும் எடுத்து சேர்த்து பாப்பாங்க.

வீட்டுக்குள்ள கொண்டு வந்தா பூச்சி வருமா? கையெல்லாம் வேற பிசுபிசுன்னு ஆகுது

செதில் இடுக்குல எறும்பு, சிலந்தி இருக்கலாம். நல்லா தட்டிட்டு மொட்டை மாடில ரெண்டு மூணு நாள் வெயில்ல போடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது போதும். ஓவன் இருக்கிறவங்க 100 டிகிரி செல்சியஸ்ல அரை மணி நேரம் வைக்கலாம், ஆனா பக்கத்துலயே நிக்கணும், பிசின் சீக்கிரம் தீப்பிடிக்கிற பொருள்.

கையில ஒட்டுன பிசின் சோப்புக்கு போகாது. தேங்காய் எண்ணெய் தடவி தேய்ச்சுட்டு அப்புறம் சோப்பு போடுங்க, போயிடும். ரொம்ப சின்ன குழந்தை கையில குடுத்தா செதிலோ விதையோ வாய்க்கு போகாம பக்கத்துலயே இருங்க.

பொண்ணுக்கு மூணு வயசுதான். அவளுக்கு இதுல என்ன சயின்ஸ் புரியும்?

ஜிம்னோஸ்பெர்ம் புரியாது, புரியவும் வேண்டாம். சொரசொரப்பு புரியும், ஒரு பக்கம் தடவினா வழுக்கி இன்னொரு பக்கம் தடவினா குத்துறது புரியும், பெருசு சின்னது, உருட்டினா நேரா போகாம வளைஞ்சு போறது, இதெல்லாம் புரியும். கையில குடுத்துட்டு கொஞ்ச நேரம் நீங்க வாயை திறக்காம இருங்க. இது கஷ்டம்னு தெரியும், நமக்கு தெரிஞ்சதை உடனே சொல்லிடணும்னு இருக்கும்.

நான் பைன் கோனை இவ்ளோ விரும்புறதுக்கு காரணமே இதுதான். குழந்தை கேக்குற கேள்விக்கு அந்த பொருளே பதில் சொல்லும், தண்ணில போட்டா ஒண்ணு செய்யும், வெயில்ல வச்சா இன்னொண்ணு செய்யும், நடுவுல நாம புகுந்து விளக்கம் சொல்லிட்டா அந்த பதிலை கேக்குற வாய்ப்பு குழந்தைக்கு போயிடுது. அதனால எந்த வயசா இருந்தாலும் முதல்ல பாக்கட்டும், ரெண்டாவது 'என்ன ஆகும்னு நினைக்குற?'ன்னு கேளுங்க, காரணம் எல்லாம் கடைசிதான்.

தண்ணில போட்டா மூடிக்கும்னு சொல்றாங்களே, அதை எப்படி செய்யணும்? எவ்ளோ நேரம் ஆகும்?

நல்லா விரிஞ்சு காஞ்ச கோன் ரெண்டு எடுத்துக்கோங்க, கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல. ஒண்ணு வெளிய சும்மா இருக்கட்டும், அது ஒப்பிட்டு பாக்க. இன்னொண்ணை கண்ணாடி பாத்திரத்துல தண்ணி ஊத்தி போடுங்க, மிதக்கும், அதனால மேல ஒரு சின்ன தட்டை கவுத்து அமுக்கி வைங்க. வெதுவெதுப்பான தண்ணின்னா சீக்கிரம் நடக்கும். அரை மணி, ஒரு மணி நேரத்துல வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், தடியான கோன் முழுசா மூட ரெண்டு மூணு மணி நேரம் ஆகலாம். குழந்தை பக்கத்துலயே உக்காந்து முறைச்சுட்டே இருக்க மாட்டான், போய் விளையாடிட்டு வரட்டும், வர்றப்பெல்லாம் ஒரு படம் வரையட்டும். போடுறதுக்கு முன்னாடியும் எடுத்ததுக்கு அப்புறமும் கிச்சன் தராசுல எடை போட்டு எழுதி வைங்க.

அப்புறம் எடுத்து வெயில்ல வைங்க. வெயிலை பொறுத்து ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆகும் முழுசா விரிய. காது பக்கத்துல வச்சு கேளுங்க, காயறப்ப சில கோன் 'டிக் டிக்'னு சத்தம் போடும். அதே கோனை திரும்பத் திரும்ப நனைச்சு காய வைக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஏழெட்டு வயசு பசங்கன்னா பச்சைத் தண்ணி ஒண்ணு வெந்நீர் ஒண்ணுன்னு வச்சு எது முதல்ல மூடும்னு பந்தயம் கட்ட விடுங்க.

நாங்க வாங்குனது எங்க வச்சாலும் திறக்கவே மாட்டேங்குது, டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் டூப்ளிகேட் இல்ல. முதல்ல பாக்க வேண்டியது மேல வார்னிஷ் அடிச்சிருக்கான்னு, அடிச்சிருந்தா ஈரம் உள்ள போகவும் வெளிய வரவும் வழி கிடையாது. அடுத்து, முத்தாம பச்சையா பறிச்சதா இருக்கலாம்.

மூணாவது காரணம் சுவாரசியமானது. கொடைக்கானல்ல அதிகமா நட்டிருக்கிறது மெக்சிகோவுலேர்ந்து வந்த பட்டுலா பைன், அதோட கோன் முத்தினதுக்கு அப்புறமும் வருஷக்கணக்கா மூடுனபடியே கிளையில ஒட்டிட்டு இருக்கும், செதிலுக்கு நடுவுல பிசின் ஒட்டி சீல் வச்சிருக்கும். காட்டுத்தீ வந்து சூடு பட்டா பிசின் இளகி கோன் திறக்கும், சாம்பல் மேல விதை விழும், அந்த நேரத்துல மத்த செடிங்க எதுவும் போட்டிக்கு இருக்காது. வட அமெரிக்காவுல ஜாக் பைன், லாட்ஜ்போல் பைன் ரெண்டும் இதுக்கு பேர் போனது. வீட்டுல பண்ணணும்னா பெரியவங்க இடுக்கியால பிடிச்சு கொதிக்கிற தண்ணில கொஞ்ச நேரம் முக்கி எடுத்து வெயில்ல போடுங்க, பிசின் விட்டுட்டா காயக் காய திறக்கும்.

கீழ விழுந்து காஞ்சு செத்துப்போன பொருள் எப்படிங்க அசையும்? தொட்டாச்சிணுங்கி மாதிரியா?

அந்த மாதிரி இல்ல, இந்த வித்தியாசத்தை பசங்களுக்கு காட்டியே ஆகணும். தொட்டாச்சிணுங்கி உயிரோட இருக்கிறதால அசையுது, இலைக்காம்பு அடியில இருக்கிற செல்லுங்க தண்ணியை வெளிய தள்ளுறதால இலை மடங்குது, செடியை பிடுங்கி காய வச்சுட்டா அப்புறம் எவ்ளோ தொட்டாலும் மடங்காது. பைன் கோன் செதில்ல உயிருள்ள செல்லே கிடையாது, ஆனாலும் மூடுது, ஏன்னா ஒவ்வொரு செதிலும் ரெண்டு அடுக்கு. வெளிப்பக்க அடுக்கு ஈரம் பட்டா நீளும், உள்பக்க அடுக்கு அவ்ளோவா நீளாது. வெளிப்பக்கம் மட்டும் நீண்டா செதில் உள்ளுக்கு வளையத்தானே செய்யும், அதுதான் மூடுறது. காஞ்சா வெளிப்பக்கம் சுருங்கி செதிலை வெளிய இழுக்கும். இதை டாசன், வின்சென்ட், ரோக்கான்னு மூணு பேர் 1997-ல நேச்சர் இதழ்ல விளக்கி எழுதினாங்க, அதுக்கப்புறம் ஈரம் பட்டா தானா மூடித் திறக்கிற துணி, கட்டட ஜன்னல்னு நிறைய பேர் இதை பாத்து முயற்சி பண்ணிட்டு இருக்காங்க.

மழைக்காலத்துல மரக்கதவு ஊறி நிலையில இறுக்கிக்கிட்டு சாத்த முடியாம போகுமே, அதே விஷயம்தான், மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புது. செஞ்சு காட்ட, நியூஸ்பேப்பரை நீளமா கீறி ஒரு பக்கம் முழுக்க செல்லோடேப் ஒட்டி பேப்பர் பக்கத்தை நனைங்க, பேப்பர் நீளும் டேப் நீளாது, துண்டு சுருண்டுக்கும். ஒரு துண்டை நெடுக்கா வெட்டியும் இன்னொண்ணை குறுக்கா வெட்டியும் பாருங்க, ஒண்ணு நல்லா சுருளும் இன்னொண்ணு கம்மியா சுருளும், பேப்பர்ல நார் ஓடுற திசை மாறுறதால வர்ற வித்தியாசம் அது.

"அதுக்கு மழை வருதுன்னு எப்படி தெரியும்?"னு பையன் கேக்குறான், என்ன சொல்ல?

அதுக்கு எதுவும் தெரியாது, முன்னாடி சொன்ன ரெண்டு அடுக்குதான் வேலையை பண்ணுது. 'மழைக்கு பயந்து மூடிக்குது'ன்னு சொல்றது கதையா கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நாளைக்கு அவன் தானா காரணம் தேடுறப்ப அந்தக் கதை குறுக்க வந்து நிக்கும். நான் அப்படி சொல்றதில்ல.

ஆனா எதுக்கு மூடுதுன்னு கேட்டா அதுக்கு நல்ல பதில் இருக்கு. பைன் விதைக்கு ஒரு இறக்கை உண்டு, காஞ்ச காத்துல சுத்திக்கிட்டே தூரமா போகும். மழையில விழுந்தா நனைஞ்சு தாய்மரத்து காலடியிலயே கிடக்கும், அங்க நிழல், போட்டி எல்லாம். அதனால காஞ்ச நாள்ல மட்டும் திறக்குற கோனோட விதைங்களுக்கு வாய்ப்பு அதிகம், அந்த மாதிரி மரங்களோட வாரிசுதான் இன்னைக்கு நாம பாக்குற மரங்க.

எங்க கோன்ல விதையே இல்லையே?

விரிஞ்சு கீழ விழுந்ததுல பெரும்பாலும் விதை பறந்து போயிருக்கும். ஆனா இருந்த அடையாளம் இருக்கும். குறடு வச்சு ஒரு செதிலை பிச்சு எடுத்து மேல்பக்கத்தை பாருங்க, அடியில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சின்ன குழி தெரியும், ஒவ்வொரு குழிலேர்ந்தும் மெல்லிசா இறக்கை கிடந்த தடம் கொஞ்சம் வெளிர் நிறத்துல ஓடும். ஒரு செதிலுக்கு ரெண்டு விதை, அதான் கணக்கு. ஆறு வயசு பிள்ளைங்க மொத்தம் எத்தனை விதை இருந்திருக்கும்னு தானா பெருக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா ரொம்ப அடியிலயும் உச்சியிலயும் இருக்கிற செதில்ல விதை உருவாகாதுன்னு சொல்லி வைங்க.

செதிலை கையில வச்சிருக்கிறப்பவே அதோட வெளி நுனியையும் பாருங்க. தடிச்ச பாகத்துக்கு நடுவுல ஒரு குட்டிப் புடைப்பு இருக்கும், சிலதுல முள்ளா நீட்டிக்கும். முதல் வருஷம் கோன் குட்டியா இருந்தப்ப வெளிய தெரிஞ்ச பாகம் அது மட்டும்தான், அதை சுத்தி இருக்கிறது ரெண்டாவது வருஷ வளர்ச்சி. ரெண்டு வருஷக் கணக்கு ஒரே நகத்தளவு இடத்துல இருக்கு.

கோன்ல செதிலெல்லாம் சுத்திச் சுத்திப் போற சுழலை எண்ணினா 8, 13 வரும்னு சொன்னாங்க. எங்களுக்கு 12 வந்துச்சு, எது தப்பு?

எங்க ஆரம்பிச்சோம்னு மறந்து எண்ணிட்டா இப்படித்தான் வரும். கோனை கவுத்து காம்புப் பக்கம் மேல வர்ற மாதிரி பிடிங்க, ஒரு சுழலை ஆரம்பத்துலேர்ந்து நுனி வரைக்கும் ஸ்கெட்ச் பேனாவால இல்லன்னா நெயில் பாலிஷால புள்ளி வச்சு குறிங்க, அதுக்கு அடுத்த சுழலுக்கு வேற கலர். வலப்பக்கம் சுத்துறது ஒரு எண்ணிக்கை, இடப்பக்கம் சுத்துறது இன்னொண்ணு. பெரும்பாலும் 8-ம் 13-ம் வரும், சிலதுல 5-ம் 8-ம். உடைஞ்ச கோன்ல குழம்பும், அபூர்வமா நிஜமாவே வேற எண்ணிக்கை இருக்கிற கோனும் உண்டு, அதனால ஒண்ணை வச்சு முடிவு பண்ணாம நாலஞ்சு பாருங்க. அன்னாசிப்பழத்தோட கண்ணுங்களை எண்ணினாலும் 8, 13, 21 வரும்.

ஒவ்வொரு புது செதிலும் முந்தினதுலேர்ந்து கிட்டத்தட்ட 137.5 டிகிரி தள்ளி முளைக்குறதால இந்த எண்ணுங்க வருது. 1, 1, 2, 3, 5, 8, 13ன்னு முந்தின ரெண்டையும் கூட்டினா அடுத்தது வர்ற வரிசை. இத்தாலிக்காரர் ஃபிபொனாச்சி 1202-ல எழுதினதால அவர் பேர் நின்னுடுச்சு, ஆனா குஜராத்ல இருந்த ஹேமச்சந்திரர் சுமார் 1150-லயே செய்யுள் அசைகளை எத்தனை விதமா அடுக்கலாம்னு எண்ணுறப்ப இதே வரிசையை எழுதி வச்சிருக்கார்.

ஜன்னல்ல தொங்க விட்டா மழை வருமான்னு சொல்லுமா?

நாளைக்கு வர்ற மழையை சொல்லாது. இப்ப காத்துல எவ்ளோ ஈரம் இருக்குன்னு மட்டும் சொல்லும், அதுவும் மெதுவா. ஐப்பசி கார்த்திகை அடைமழை நேரத்துல பால்கனில வச்சது கொஞ்சம் சுருங்கும், ஏசி ரூம்ல வச்சது நல்லா விரிஞ்சே இருக்கும். ரெண்டு இடத்துலயும் ஒண்ணொண்ணு வச்சு காலண்டர்ல தினமும் 'திறந்திருக்கு, பாதி, மூடியிருக்கு'ன்னு குழந்தையை குறிக்கச் சொல்லுங்க.

பெயிண்ட் அடிச்சு கிராஃப்ட் பண்ணலாமா?

தாராளமா, ஆனா கடைசியா. மேல சொன்னதெல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் பண்ணுங்க.

விதையை நட்டா முளைக்குமா?

திறக்காத கோன்லேர்ந்து விதை கிடைச்சா ஒரு ராத்திரி ஊற வச்சு ஈர மணல்ல போட்டு நிழல்ல வைங்க. முளைச்சா கட்டாயம் எண்ண வேண்டியது விதையிலை. பச்சைப்பயறுக்கு ரெண்டு, நெல்லுக்கு ஒண்ணு, பைனுக்கு ஆறேழு கூட இருக்கும், குடைக்கம்பி விரிஞ்ச மாதிரி சுத்தி நிக்கும். சமவெளி வெயில்ல அது பெரிய மரமா ஆகும்னு எதிர்பார்க்காதீங்க. மலையில வீடு இருக்கிறவங்க வெளிய நட வேண்டாம், காரணம் கடைசி கேள்வியில இருக்கு.

பைன் கோன் கிடைக்கவே வழியில்ல. வேற ஏதாவது?

வீட்டுல கனகாம்பரம் இருக்கா? காஞ்ச காயை பறிச்சு ஈரக் கையில வைங்க, இல்ல தண்ணி ஒரு சொட்டு விடுங்க, பட்டுனு வெடிச்சு விதையை தெறிக்கும். வேலியோரம் ஊதாப்பூ பூக்குற பட்டாசுக்காய் செடியும் அப்படித்தான். அதுவும் காஞ்சு செத்த தோல், அதுவும் ஈரத்துக்குத்தான் அசையுது. ஆனா கவனிச்சீங்களா, இது தலைகீழ், பைன் காஞ்சா விதையை விடும், கனகாம்பரம் நனைஞ்சா விடும். ஏன்னு பசங்க கிட்ட கேளுங்க. பறக்குற விதைக்கு காஞ்ச காத்து வேணும், விழுந்த இடத்துல உடனே முளைக்கிற விதைக்கு ஈர மண்ணு வேணும், அங்க வரைக்கும் அவங்களே வந்துடுவாங்க.

பைன் காட்டுக்குள்ள மரத்துக்கு கீழ வேற செடியே காணோமே, என் பொண்ணு கேட்டா, எனக்கு தெரியல

நல்ல கண்ணு அவளுக்கு. பைன் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையோட மரமே இல்ல, பிரிட்டிஷ் காலத்துலேர்ந்து ஆரம்பிச்சு அப்புறம் வனத்துறையும் மரத்தேவைக்காக வரிசையா நட்டது. அதுக்கு முன்னாடி அங்கெல்லாம் பரந்த புல்வெளி, பள்ளத்துல சோலைக்காடு. பைன் ஊசி சீக்கிரம் மக்காது, மெத்தை மாதிரி படிஞ்சுடும், மேல அடர்த்தியா நிழல், அதனால நம்ம புல்லும் செடியும் முளைச்சு வர்றது கஷ்டம். பட்டுலா பைன் தானா விதை பரப்பி புல்வெளிக்குள்ள நுழையவும் செய்யும், அதனாலதான் நட வேண்டாம்னு சொன்னேன். அந்தப் புல்வெளிதான் மழைத்தண்ணியை பிடிச்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா கீழ ஓடைக்கு விடுறது, அதனால அது போறது கீழ இருக்கிற நமக்கும் நஷ்டம்.

அடுத்த தடவை போறப்ப ஒரு முழக் கயிறை வட்டமா பைன் காட்டுத் தரையில போட்டு உள்ள எத்தனை வகை செடி இருக்குன்னு எண்ணச் சொல்லுங்க. அதே கயிறை சோலை ஓரத்துல, நடைபாதையை விட்டு இறங்காம, போட்டு திரும்ப எண்ணச் சொல்லுங்க. ரெண்டு எண்ணையும் ஒரே பேப்பர்ல பக்கத்துப் பக்கத்துல அவ கையாலயே எழுதட்டும்.